பழைய டிஜிட்டல் கேமராவில் படம் சரியா வரலையா? எந்த பட்டன் எதற்கு, எந்த செட்டிங்கை எப்போது மாற்றணும்? - முழு விளக்கம்

ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பு பிறந்தநாள், காதுகுத்து, டூர் என எதுவானாலும் சட்டைப் பாக்கெட்டில் அடங்கும் ஒரு குட்டி டிஜிட்டல் கேமராதான் துணை. போன் கைக்கு வந்ததும் அந்த கேமரா பீரோவுக்குள் போய்விட்டது. இப்போது மறுபடியும் அதைத் தேடி எடுக்கிறார்கள். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்த அந்தக் காலத்து 'லுக்' வேண்டும் என்பதற்காகவே செகண்ட் ஹேண்டில் தேடி வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால், எடுத்துப் பார்த்தால் ஒரு படம் இருட்டு, இன்னொன்று மங்கல், மற்றொன்று முழுக்க மஞ்சள். "கேமரா போச்சு" என்று மறுபடியும் பீரோவுக்குள் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் தப்பு கேமராவிடம் இல்லை. 'ஆட்டோ' மோடில் கேமரா நான்கு விஷயங்களை யூகிக்கிறது: ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், எவ்வளவு வெளிச்சம் வேண்டும், ஃபிளாஷ் தேவையா, அந்த வெளிச்சம் என்ன நிறம். இந்த யூகம் எங்கே தப்பும் என்று தெரிந்துகொண்டால் போதும். மெனுவில் இருக்கும் முக்கியமான செட்டிங் எல்லாமே அந்தத் தப்பைத் திருத்தத்தான்.

முதலில் ஓர் எச்சரிக்கை: 'ஃபார்மட்' கொடுக்காதீங்க

பல வருடம் கழித்து ஆன் பண்ணும்போது, "கார்டை ஃபார்மட் செய்யவா?" என்று கேமரா கேட்கலாம். அவசரப்பட்டு 'ஓகே' அழுத்த வேண்டாம். அந்த கார்டில் தாத்தா, பாட்டியின் கடைசிப் படம்கூட இருக்கலாம். கார்டை வெளியே எடுத்து, கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரிலோ, ஓடிஜி வழியாக போனிலோ போட்டுப் பாருங்க. உள்ளே 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டர் இருக்கும். படங்கள் அதற்குள்தான். உங்கள் போன் கேமராவும் இன்றுவரை இதே பெயர் ஃபோல்டரில்தான் படங்களைச் சேமிக்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: நிக்கான் கூல்பிக்ஸ், கோடக் ஈஸிஷேர் போன்ற பல மாடல்களில் கார்டு தவிர கேமராவுக்குள்ளேயே கொஞ்சம் மெமரி உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு ஆன் பண்ணினால்தான் அதில் இருக்கும் படங்கள் தெரியும். பழைய கேமராவை விற்பதாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்க. இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் படங்கள் வாங்குபவர் கைக்குப் போய்விடும்.

தெரியாமல் படத்தை அழித்துவிட்டால், அந்த கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கார்டை உடனே வெளியே எடுத்து ரெக்கவரி சாஃப்ட்வேர் மூலம் முயற்சித்தால் மீட்க வாய்ப்பு உண்டு. புதிய படம் எடுத்தால், அது பழைய படம் இருந்த இடத்தில் பதிவாகி அதை அடியோடு அழித்துவிடும்.

பேட்டரி, கார்டு, தேதி: ஆன் பண்ணும் முன் பார்க்க வேண்டிய 3 விஷயங்கள்

பேட்டரி: லித்தியம் பேட்டரி லேசாக உப்பியிருந்தாலும் சார்ஜ் போட வேண்டாம், குத்தவோ அமுக்கவோ கூடாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு புதிது வாங்குங்க. பென்சில் பேட்டரி போடும் மாடல் என்றால், ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் பேட்டரிதான் நீண்ட நேரம் தாங்கும். கேமராவை எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடணும். இல்லையென்றால் கசிந்து உள்ளே துரு ஏறும்.

கார்டு: 2 ஜிபி வரையிலான சாதாரண கார்டு 'எஸ்டி', 4 முதல் 32 ஜிபி வரை 'எஸ்டிஹெச்சி', அதற்கு மேல் 'எஸ்டிஎக்ஸ்சி'. எஸ்டிஹெச்சி 2006-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவில் 16 ஜிபி கார்டு போட்டால் 'கார்டு எரர்' என்று வரும். கேமராவும் கெடவில்லை, கார்டும் கெடவில்லை, 2 ஜிபி கார்டு போட்டால் வேலை செய்யும். 'கார்டு லாக்' என்று வந்தால், கார்டின் ஓரத்தில் உள்ள குட்டி நகரும் பட்டனை மேலே தள்ளினால் போதும்.

தேதி: பேட்டரி பல மாதம் இல்லாமல் இருந்தால் கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு படத்தின் ஃபைலுக்குள்ளும் இந்தத் தேதிதான் பதிவாகும். சரி செய்யாமல் எடுத்தால், இந்த வருடம் பிறந்த குழந்தையின் படம் போன் கேலரியில் பல வருடங்களுக்கு முந்தைய படங்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெகாபிக்சல் அதிகம் என்றால் படம் நன்றாக வருமா?

வராது. 6x4 இன்ச் பிரிண்ட் போட, ஓர் இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்கில் 1800 x 1200 புள்ளிகள் போதும். அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 5 மெகாபிக்சல் கேமராவே வீட்டு ஆல்பத்துக்குத் தாராளம்.

படத்தின் தரத்தை முடிவு செய்வது சென்சார், அதாவது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு. சாதாரண காம்பேக்ட் கேமராக்களில் இது சுமார் 6.2 x 4.6 மில்லிமீட்டர்தான். சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. பெரிய கேமராக்களில் வரும் 'ஃபுல் ஃபிரேம்' சென்சார் 36 x 24 மில்லிமீட்டர். பரப்பளவில் கிட்டத்தட்ட 30 மடங்கு. சென்சார் சின்னது என்பதால் பிடிக்கும் வெளிச்சமும் குறைவு. காம்பேக்ட் கேமரா பகலில் கலக்குவதற்கும் இரவில் திணறுவதற்கும் இதுதான் காரணம்.

2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இதில் ஒரு திருப்புமுனை. பாக்கெட்டில் அடங்கும் உடம்புக்குள் 13.2 x 8.8 மில்லிமீட்டர் சென்சாரை வைத்தது. சாதாரண காம்பேக்டைப் போல 4 மடங்கு. இந்த வகை கேமராக்களுக்கு இன்றும் விலை இறங்காமல் இருக்க இது ஒரு காரணம்.

சக்கரத்தில் 'ஆட்டோ'வுக்குப் பக்கத்தில் என்ன இருக்கு?

மேலே அல்லது பின்னால் இருக்கும் மோடு சக்கரத்தில் பச்சை நிறத்திலோ கேமரா படமாகவோ இருப்பது ஆட்டோ. இதில் பல செட்டிங் பூட்டப்பட்டிருக்கும். "என் கேமராவில் அந்த ஆப்ஷனே இல்லையே" என்று பலர் நினைக்க இதுதான் காரணம்.

'பி' என்ற புரோகிராம் மோடுக்கு மாற்றுங்க. வெளிச்சக் கணக்கை கேமராவே பார்த்துக்கொள்ளும், ஆனால் நீங்க குறுக்கிட்டுத் திருத்த முடியும். கீழே சொல்லப்போகும் பல செட்டிங்குகள் இதில்தான் திறக்கும். சில கேமராக்களில் 'பி' இருக்காது. 'எம்' அல்லது 'மேனுவல்' என்ற பெயரில் இதே வேலையைச் செய்யும் மோடு இருக்கும்.

மனித முகம் போட்டது போர்ட்ரெய்ட், மலை என்றால் இயற்கைக் காட்சி, ஓடும் மனிதர் என்றால் விளையாட்டு, நட்சத்திரத்தோடு ஆள் நின்றால் இரவு போர்ட்ரெய்ட். இவை 'சீன் மோடு'. அந்தந்த இடத்துக்கு ஏற்ற செட்டிங்கை மொத்தமாகப் போட்டுத் தரும் ரெடிமேட் வழி.

யூகம் 1 - தூரம்: ஷட்டர் பட்டனுக்கு இரண்டு படி

படம் மங்கலாக வர முக்கியக் காரணம், பட்டனை ஒரே அழுத்தாக அழுத்துவது. ஷட்டர் பட்டனில் இரண்டு படி உண்டு. பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் செய்யும். 'பீப்' சத்தம் வந்து திரையில் பச்சைக் கட்டம் தெரியும். அதன்பிறகு முழுசா அழுத்தணும். போனில் தொட்டவுடன் எடுத்துப் பழகிய நமக்கு இந்தப் பாதி அழுத்தல்தான் மறந்துபோகிறது.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது நடுவில் இருக்கும் இடைவெளியில் கட்டம் விழுந்தால், பின்னால் உள்ள சுவர் தெளிவாகவும் முகங்கள் மங்கலாகவும் வரும். அப்போது ஒருவர் முகத்தின் மேல் கட்டத்தை வைத்து பாதி அழுத்துங்க. அழுத்தியபடியே கேமராவை நகர்த்தி இருவரும் வருகிற மாதிரி வைத்து முழுசா அழுத்துங்க.

ரொம்பப் பக்கத்தில் உள்ள பொருள் என்றால் பூ படம் போட்ட 'மேக்ரோ' பட்டன். கோலம், மோதிரம், சில சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பூச்சி இதற்கெல்லாம் இதுதான். ஜூம் போடாமல் நெருங்கிப் போய் எடுக்கணும். வேலை முடிந்ததும் ஆஃப் பண்ண மறக்காதீங்க.

யூகம் 2 - வெளிச்சம்: பிளஸ், மைனஸ் பட்டன்

உலகம் முழுக்க சராசரியாக நடுத்தர சாம்பல் நிறம் என்பதுதான் கேமராவின் கணக்கு. அதனால் வெள்ளையைப் பார்த்தால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். கறுப்பைப் பார்த்தால் "வெளிச்சம் பத்தலை" என்று வெளுக்க வைக்கும். வெள்ளை வேட்டி, சட்டையில் நிற்கும் அப்பாவின் முகம் இருண்டுபோவதும், ஜன்னலுக்கு முன்னால் நிற்பவர் நிழல் உருவமாக வருவதும் இதனால்தான்.

இதைத் திருத்தத்தான் பிளஸ், மைனஸ் குறி போட்ட பட்டன். பெரும்பாலும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை மாற்றலாம்.

- வெள்ளைப் பின்னணி, ஜன்னல், கடற்கரை மணல்: பிளஸ் பக்கம் 0.7 அல்லது 1
- இருட்டான மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவர்: மைனஸ் பக்கம் 0.7 அல்லது 1
- சூரிய அஸ்தமனம்: மைனஸ் பக்கம் வைத்தால் வானத்தின் நிறம் கூடுதல் அழுத்தமாக வரும்

எடுத்து முடித்ததும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிடணும்.

இரவில் என்ன செய்வது? ஐஎஸ்ஓ என்றால் என்ன?

வெளிச்சம் குறைந்தால் கேமராவுக்கு இரண்டு வழிதான். ஒன்று, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது. அப்போது கை லேசாக ஆடினாலும் படம் கலங்கும். இன்னொன்று, கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவது. இந்த இரண்டாவதுதான் ஐஎஸ்ஓ. ரேடியோ சிக்னல் குறைவாக இருக்கும்போது சத்தத்தை ஏற்றினால் பாட்டோடு இரைச்சலும் ஏறும் இல்லையா, அதே கதைதான். ஐஎஸ்ஓ ஏற ஏற படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும்.

- வெயில்: 80 அல்லது 100
- மேகமூட்டம், நிழல்: 200
- வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம்: 400 முதல் 800
- 1600-க்கு மேல்: வேறு வழியே இல்லை என்றால் மட்டும்

கலங்கிப்போன படத்தைவிட புள்ளி விழுந்த படம் மேல் என்பதை நினைவில் வையுங்க. புள்ளி விழுந்தாலும் முகம் தெரியும். கலங்கினால் ஒன்றும் தெரியாது.

நடுக்கும் கை போட்ட குறி 'இமேஜ் ஸ்டெபிலைசேஷன்'. இது உங்கள் கை ஆடுவதைச் சமாளிக்கும். எதிரில் ஓடுகிற குழந்தையை நிறுத்தி வைக்காது. அதற்கு விளையாட்டு மோடு அல்லது ஃபிளாஷ்தான்.

குத்துவிளக்கு, சீரியல் லைட், இரவுக் கோபுரம் போன்ற அசையாதவற்றுக்கு ஒரு எளிய வழி உண்டு. ஃபிளாஷை ஆஃப் பண்ணி, ஐஎஸ்ஓவை 100-ல் வைத்து, கேமராவைச் சுவர் மேலோ மேஜை மேலோ வையுங்க. கடிகாரக் குறி போட்ட செல்ஃப் டைமரை 2 நொடிக்கு மாற்றி அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்க. பட்டன் அழுத்தும் அதிர்வுகூட இல்லாததால் படம் துல்லியமாக வரும்.

யூகம் 3 - ஃபிளாஷ்: 10 அடிக்கு மேல் வேலைக்கு ஆகாது

காம்பேக்ட் கேமராவின் பெரிய பலம் அதன் செனான் ஃபிளாஷ். போனில் இருப்பது எல்இடி விளக்கு. செனான் ஃபிளாஷ் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக, ஆனால் பல மடங்கு பிரகாசமாக அடிக்கும். அசைவை அப்படியே உறைய வைக்கும். இப்போது பலர் தேடும் 'பழைய கேமரா லுக்'கில் பெரும்பங்கு இந்த நேரடி ஃபிளாஷுடையதுதான்.

ஆனால், அதன் எல்லை சுமார் 3 மீட்டர், அதாவது 10 அடி. தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். கல்யாண மண்டபத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டும்போது ஃபிளாஷ் அடித்தால், முன் வரிசை ஆட்களின் தலை மட்டும் வெள்ளையாகத் தெரியும், மணமக்கள் இருட்டில் இருப்பார்கள். அங்கே ஃபிளாஷை ஆஃப் பண்ணி, ஐஎஸ்ஓவை 800 வைத்து மேடை வெளிச்சத்திலேயே எடுங்க. முடிந்தால் எழுந்து முன்னால் போங்க, எந்த செட்டிங்கைவிடவும் அதுதான் பலன் தரும்.

மின்னல் குறி பட்டனை அழுத்தினால் வரும் ஆப்ஷன்கள்:

- ஆட்டோ: வெளிச்சம் குறைந்தால் தானாக அடிக்கும்
- கட்டாய ஃபிளாஷ்: உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் நிழலைப் போக்கவும், ஜன்னலுக்கு முன் நிற்பவரை எடுக்கவும் இதுதான் சரி. பகலில் ஃபிளாஷா என்று யோசிக்க வேண்டாம்
- கண் படம் போட்டது: முதலில் சின்ன வெளிச்சம் அடித்து கண்மணியைச் சுருங்க வைத்து, பிறகு படம் எடுக்கும். லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் ஃபிளாஷ் இருப்பதால் அந்த வெளிச்சம் விழித்திரையின் ரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்புகிறது. கண் சிவப்பாகத் தெரிவது அதனால்தான்
- ஸ்லோ சிங்க்: ஆளோடு சேர்த்து பின்னால் உள்ள ஊர் விளக்குகளும் தெரியும். ஃபிளாஷ் அடித்த பிறகும் ஒரு நொடி அசையாமல் நிற்கச் சொல்லணும்

யூகம் 4 - நிறம்: படம் ஏன் மஞ்சளாக வருது?

குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சள், டியூப் லைட்டில் லேசான பச்சை, நிழலில் நீலம். நம் கண்ணும் மூளையும் இதைத் தானாகச் சரிசெய்துகொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. கேமராவில் இந்த வேலையைச் செய்வது 'ஒயிட் பேலன்ஸ்'. ஆட்டோவில் தப்பாக வந்தால் பல்பு, டியூப் லைட், மேகம், சூரியன் குறிகளில் பொருத்தமானதை நீங்களே தேர்வு செய்யுங்க. கரும்பச்சை பட்டுப்புடவை வேறு நிறமாக வந்தால் இங்கேதான் கை வைக்கணும்.

ஜூம்: எந்த எல்லை வரை போகலாம்?

லென்ஸ் நகர்ந்து செய்வது ஆப்டிகல் ஜூம், உண்மையான ஜூம். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதை மெனுவில் ஆஃப் பண்ணி வைப்பதே நல்லது, பிறகு வேண்டுமானால் வெட்டிக்கொள்ளலாம்.

ஆப்டிகல் ஜூமுக்கும் ஒரு விலை உண்டு. ஜூம் போடாதபோது எஃப் 2.8 ஆக இருக்கும் லென்ஸ், முழு ஜூமில் எஃப் 5.9 ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே போய்விடும். கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். அதனால் இரவில் ஜூமைக் குறைத்து, நடந்து பக்கத்தில் போவதே சரி.

செகண்ட் ஹேண்டில் வாங்குறீங்களா? பணம் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்க

2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் விற்பனைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள், 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. புதிய காம்பேக்ட் மாடல்கள் அரிது, பழையவற்றுக்கு உதிரி பாகமும் அரிது. அதனால் பார்த்து வாங்கணும்.

- நான்கைந்து முறை ஆன், ஆஃப் பண்ணுங்க. லென்ஸ் கரகரப்பு இல்லாமல் வெளியே வந்து உள்ளே போகணும். 'லென்ஸ் எரர்' வந்தால் வேண்டாம்
- வெள்ளைச் சுவரை ஜூம் போட்டும் போடாமலும் எடுங்க. ஒரே இடத்தில் கரும்புள்ளி வந்தால் சென்சாரில் தூசி
- டார்ச் அடித்து லென்ஸைப் பாருங்க. சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. ஈரப்பதமான ஊர்களில் மூடி வைத்த கேமராவில் இது சகஜம்
- பேட்டரி அறையில் துருவோ பச்சைப் படிவோ இருக்கக் கூடாது
- ஃபிளாஷை இருமுறை அடித்துப் பாருங்க
- சார்ஜர் உண்டா, அந்த பேட்டரி இப்போதும் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்க
- கார்டு வகையைக் கேளுங்க. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் மாடல்களின் எக்ஸ்டி கார்டும், பழைய சோனியின் மெமரி ஸ்டிக்கும் இப்போது கிடைப்பது கஷ்டம்

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடணும். இன்றைய பல போன்களின் முக்கிய கேமரா சென்சார் பழைய காம்பேக்டைவிடப் பெரியது. போன் பல படங்களை நொடியில் எடுத்து ஒன்றாகச் சேர்த்தும் தருகிறது. இரவில் தெளிவான படம்தான் உங்கள் தேவை என்றால் பழைய காம்பேக்டுக்குப் பணம் கொடுக்க அவசியமில்லை. நிஜ ஜூம், செனான் ஃபிளாஷ், அழைப்பும் நோட்டிஃபிகேஷனும் இல்லாமல் படம் மட்டும் எடுக்கும் ஒரு கருவி, இவை வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

எங்கே எந்த செட்டிங்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்க

- வெயிலில் குடும்பப் படம்: ஐஎஸ்ஓ 100, கட்டாய ஃபிளாஷ், 10 அடிக்குள்
- வீட்டுக்குள் குழந்தை: ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் ஆன், ஜூம் வேண்டாம்
- மண்டபத்தில் தூரத்து மேடை: ஃபிளாஷ் ஆஃப், ஐஎஸ்ஓ 800
- ஜன்னலுக்கு முன் நிற்பவர்: பிளஸ் 1 அல்லது கட்டாய ஃபிளாஷ்
- விளக்கு, கோபுரம், இரவுக் காட்சி: ஃபிளாஷ் ஆஃப், ஐஎஸ்ஓ 100, 2 நொடி டைமர், கேமராவை எதன் மேலாவது வைக்கணும்
- கோலம், பூ, நகை: மேக்ரோ ஆன்

எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை. இன்று பாதி அழுத்தலை மட்டும் பழகுங்க. நாளைக்கு பிளஸ், மைனஸ். அடுத்து ஃபிளாஷ். அடுத்த வீட்டு விசேஷத்துக்குள் அந்த பீரோ கேமரா மறுபடியும் உங்கள் கைக்கு வசப்பட்டிருக்கும். அதற்கு முன்னால், உள்ளே இருக்கும் பழைய படங்களை முதலில் காப்பி எடுத்து வைத்துவிடுங்க.